சாவியை யாரிடம் கொடுத்தீர்கள்? கோட்பாட்டையும் கள ஆய்வையும் சேர்த்துப் படிப்பது பற்றி

1941இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகச் சமூகவியல் துறைக்குள் ஒரு தகராறு. ஆசிரியர் பதவி ஒன்று காலியாக இருந்தது. கோட்பாடு தெரிந்த ஒருவரை எடுக்க வேண்டும் என்றார் ராபர்ட் மெக்ஐவர். மக்களிடம் போய்த் தரவு திரட்டத் தெரிந்தவர்தான் வேண்டும் என்றார் ராபர்ட் லிண்ட். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அந்த ஒரு பதவியை இரண்டாக்கி, ஆளுக்கு ஒருவர் என்று சமாதானம் ஆனது. அப்படி உள்ளே வந்தவர்கள்தான் கோட்பாட்டுக்காரரான ராபர்ட் கே. மெர்ட்டனும், வியன்னாவிலிருந்து வந்திருந்த ஆய்வுமுறைக்காரர் பால் லாசர்ஸ்ஃபெல்டும்.

ஒரே துறையில் இருந்தும் இருவருக்கும் முதலில் பெரிய பழக்கம் இல்லை. நவம்பர் மாதம் லாசர்ஸ்ஃபெல்டு, மெர்ட்டனையும் அவர் மனைவியையும் இரவு விருந்துக்கு அழைத்தார். போய் நின்றால், அன்றைக்கென்று பார்த்து லாசர்ஸ்ஃபெல்டுக்கு அவசர வேலை. அரசு தயாரித்த வானொலி நிகழ்ச்சி ஒன்றை நேயர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று உடனே சோதித்துச் சொல்ல வேண்டும். மனைவியர் இருவரையும் வீட்டில் விட்டுவிட்டு, மெர்ட்டனையும் இழுத்துக்கொண்டு அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்விட்டார். அங்கே நேயர்கள் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டே, பிடித்தால் ஒரு பொத்தான், பிடிக்காவிட்டால் வேறொரு பொத்தான் என்று அழுத்திக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒருவர் வந்து ‘ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை’ என்று விசாரித்தார். பின்னால் உட்கார்ந்து பார்த்த மெர்ட்டனுக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கேட்பவரே பதிலை ஊட்டிவிடுகிறார், நேயர் பட்டும்படாமல் சொல்வதைத் தோண்டாமல் விட்டுவிடுகிறார் என்று துண்டுச் சீட்டில் எழுதி எழுதி நீட்டினார். ‘அப்படியானால் அடுத்த குழுவிடம் நீங்களே கேளுங்கள்’ என்று லாசர்ஸ்ஃபெல்டு அவரை முன்னால் தள்ளிவிட்டார்.

விருந்து என்ன ஆனதோ, 1976இல் லாசர்ஸ்ஃபெல்டு இறக்கும்வரை இருவரும் சேர்ந்துதான் வேலை செய்தார்கள். அந்த இரவில் தொடங்கிய நேர்காணல் முறை, சிலரைக் குழுவாக உட்காரவைத்துக் கருத்துக் கேட்கும், இன்று சந்தை ஆய்வு வரைக்கும் பரவியிருக்கும் ஃபோகஸ் குரூப்பின் மூதாதைகளில் ஒன்று.

பேராசிரியர்களே கோட்பாடா, தரவா என்று இரண்டு கட்சியாக நின்றிருக்கிறார்கள் என்றால், புதிதாக வரும் மாணவர் குழம்புவதில் வியப்பே இல்லை. சமூகவியல் சேர்ந்த பலருக்கும் முதல் ஆண்டு இப்படித்தான் போகும். காலையில் கோட்பாட்டு வகுப்பு: மார்க்ஸ், துர்கெய்ம், வெபர் என்று தாடிவைத்த மூவர், அவர்கள் சொன்ன கலைச்சொற்கள், அவற்றின் வகைகள். மதியம் ஆய்வுமுறை வகுப்பு: மாதிரி எடுப்பது எப்படி, வினாப்பட்டியல் தயாரிப்பது எப்படி, கணினியில் அட்டவணை போடுவது எப்படி. இரண்டு வகுப்புக்கும் இரண்டு நோட்டு. இரண்டாம் ஆண்டு முடியும்வரை என் ஒரு நோட்டில் எழுதியது இன்னொரு நோட்டுக்குள் போனதே இல்லை. கோட்பாடு என்பது இறந்துபோன பெரியவர்களின் பொன்மொழித் தொகுப்பு, ஆய்வு என்பது மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற வித்தை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்தத் தாடிக்காரர்களே அப்படி இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கார்ல் மார்க்ஸ் 1880இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்காக ஏறத்தாழ நூறு கேள்விகள் கொண்ட ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்தார். வேலை நேரம், கூலி, இயந்திர விபத்து, முதலாளி ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும் என்று விடாமல் கேட்டிருந்தார். திரும்பி வந்த பதில்கள் சொற்பம். (இணையப் படிவத்தை நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் இதில் ஆறுதல் தேடிக்கொள்ளலாம்.) மாக்ஸ் வெபர் இளவயதிலேயே, 1892இல், ஜெர்மனியில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே இருந்த விவசாயக் கூலிகளைப் பற்றிய பெரிய கணக்கெடுப்பை ஆராய்ந்து தடிமனான அறிக்கை எழுதினார். கோட்பாடும் தரவும் தனித்தனிக் கட்சியானது பின்னால் வந்த ஏற்பாடு.

கோட்பாடு செய்யும் வேலை

ஒரு தெருமுனையில் ஒரு மணி நேரம் நின்று, பார்த்ததை எல்லாம் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று யாராவது சொன்னால் எழுதிவிட முடியுமா? எத்தனை பேர் கடந்தார்கள் என்று எழுதுவதா, என்ன உடுத்தியிருந்தார்கள் என்றா, யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்றா? வர்க்கம் என்ற எண்ணத்தோடு நிற்பவர், யார் நடந்து போகிறார், யார் வண்டியில் போகிறார் என்று பார்ப்பார். பால் வேறுபாட்டைப் பற்றிப் படித்துவிட்டு வந்தவருக்கு, காரணமில்லாமல் அங்கே நிற்கக் கூடியவர் யார், ஏதோ வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டுதான் நிற்க முடிகிறவர் யார் என்பது கண்ணில் படும். மனிதர்கள் நேருக்கு நேர் பழகும் விதத்தை ஆராய்ந்த எர்விங் கோஃப்மனைப் படித்தவரோ, எதிரெதிரே வரும் இரண்டு அந்நியர்கள் ஒருவரையொருவர் ஒருமுறை பார்த்துவிட்டு, சில அடி தூரம் இருக்கும்போதே கண்ணைத் திருப்பிக்கொள்வதைக் கவனிப்பார். பார்த்தும் பாராததுபோல் இருக்கும் அந்த நாசூக்குக்கு 1963இல் அவர் ஒரு பெயரும் வைத்தார். தெரு ஒன்றுதான். மூவர் கொண்டுவரும் தரவு மட்டும் மூன்று தினுசு.

ஆக, ‘முதலில் தரவைத் திரட்டிவிடுவோம், கோட்பாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பது நடக்காத காரியம். எதை எண்ணுவது என்று முடிவெடுத்த கணத்திலேயே ஏதோ ஒரு கோட்பாடு உள்ளே வந்துவிடுகிறது. அது எந்தக் கோட்பாடு என்று தெரிந்தே வைத்துக்கொள்கிறோமா, தெரியாமல் சுமக்கிறோமா என்பதுதான் வித்தியாசம்.

கோட்பாடு என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறார்கள். இதை யாரும் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவதில்லை என்பது என் குறை. ஒன்று, பார்வை: சமூகத்தை மோதல் களமாகப் பார்ப்பது, அன்றாட நாடகமாகப் பார்ப்பது போன்றவை. இதை ஒரு கணக்கெடுப்பு நடத்திப் பொய்யாக்கிவிட முடியாது. பயன்படுகிறதா இல்லையா என்றுதான் பார்க்கலாம். இன்னொன்று, சோதிக்கத்தக்க கூற்று: ‘இது கூடினால் அது குறையும், காரணம் இன்னது’ என்று சொல்வது. இதைத் தரவு பொய்யாக்கலாம். மெர்ட்டன் 1949இல் பரிந்துரைத்த நடுத்தர வீச்சுக் கோட்பாடு இந்த இரண்டாம் வகை. உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் விளக்காது. அதே சமயம் ஒரே ஒரு கணக்கெடுப்போடு நின்றும் விடாது.

துர்கெய்ம் எண்களோடு செய்தது

இந்த இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாக எல்லாப் பாடத்திட்டங்களிலும் வருவது, தற்கொலை பற்றி 1897இல் எமில் துர்கெய்ம் வெளியிட்ட ஆய்வு. அதன் வகைகளை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். வகைகளைவிட அவர் வாதத்தை எப்படிக் கட்டினார் என்பதே மாணவருக்கு அதிகம் உதவும்.

தனிமனிதர்களைக் கூட்டினால் கிடைப்பதைவிடச் சமூகம் அதிகமான ஒன்று, அதற்கென்று ஒரு விசை உண்டு என்பது துர்கெய்மின் நம்பிக்கை. இதை எப்படிக் காட்டுவது? மனிதன் எடுக்கும் முடிவுகளிலேயே மிகத் தனிப்பட்டதாகத் தோன்றுவதை அவர் எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய நாடுகளின் அரசுப் புள்ளிவிவரங்களைப் பார்த்தால், தனித்தனி மனிதர்கள் மாறிக்கொண்டே இருக்க, ஒரு நாட்டின் விகிதம் மட்டும் ஆண்டுக்காண்டு பெரிதாக மாறவில்லை. நாட்டுக்கு நாடு அது வேறாக இருந்தது. அப்படியானால் விகிதம் என்பது சமூகத்தின் தன்மை என்றார். அடுத்து, மனிதர்களைக் குழுவோடு பிணைக்கும் கட்டு இறுக்கமாக இருக்கும் இடத்தில் விகிதம் குறைய வேண்டும் என்று ஒரு கூற்றை வைத்தார். இறுக்கத்தை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. எனவே அது வெளிப்படக்கூடிய இடங்களைத் தேடிப் போனார். கத்தோலிக்கரையும் புராட்டஸ்டன்ட்டுகளையும் ஒப்பிட்டார்; புராட்டஸ்டன்ட்டுகளிடம் விகிதம் கூடுதல். மணமாகாதவர்களையும் குடும்பத்தோடு வாழ்பவர்களையும் ஒப்பிட்டார், முன்னவர்களிடம் கூடுதல். மதம் ஒரு விஷயம், குடும்பம் வேறொரு விஷயம். இரண்டும் ஒரே திசையைக் காட்டியதுதான் வாதத்தின் பலம். இதற்காக ஆயிரக்கணக்கான பதிவுகளை வகைபிரித்துக் கொடுத்தவர் அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ். (ஆராய்ச்சி உதவியாளர் என்ற இனம் அன்றே தோன்றிவிட்டது.)

கதை அங்கே முடியவில்லை. 1967இல் ஜாக் டக்ளஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார். ஒரு மரணத்தைத் தற்கொலை என்று யாரோ ஓர் அதிகாரி தீர்மானித்து எழுதியிருக்க வேண்டும். குடும்பமும் ஊரும் நெருக்கமாக இருக்கும் இடத்தில், அதை விபத்து என்று எழுதச் சொல்லும் அழுத்தமும் அதிகமாக இருக்கும் அல்லவா? கட்டு இறுகிய இடத்தில் குறைந்தது தற்கொலையா, தற்கொலை என்ற பதிவா? தரவின் மேல் வைத்த கேள்விதான் இது. ஆனால் ‘அதிகாரப் பதிவு என்பதே ஒரு சமூகச் செயல்’ என்ற கோட்பாட்டுப் பார்வை இல்லாமல் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றியிருக்காது.

கருத்திலிருந்து கேள்விக்கு

இரண்டு நோட்டுகளும் சந்திக்க வேண்டிய இடம் இது. நான் வழுக்கி விழுந்த இடமும் இதுதான். கோட்பாட்டில் இருக்கும் ‘பிணைப்பு’, ‘அதிகாரம்’, ‘அந்நியமாதல்’ போன்ற சொற்களை நேரடியாகப் போய்ப் பார்க்க முடியாது. அவற்றுக்குப் பதிலாகக் கேட்கக்கூடிய, எண்ணக்கூடிய ஏதோ ஒன்றை வைக்க வேண்டும். ஆய்வுமுறை நூல்கள் இதைச் செயல்முறை வரையறை என்று சொல்லி ஒரு பக்கத்தில் முடித்துவிடுகின்றன. உண்மையில் ஆய்வின் பாதித் தலைவலி இங்கேதான் இருக்கிறது.

முதுகலையில் என் சிறு ஆய்வு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டாருக்கு இடையே உள்ள பிணைப்பு பற்றியது. துர்கெய்மைக் கரைத்துக் குடித்த மிதப்பில் இருந்தேன். வினாப்பட்டியலில் முக்கியமான கேள்வி: ‘பக்கத்து வீட்டாருடன் நல்ல உறவு இருக்கிறதா?’ ஆம் அல்லது இல்லை. வீடு வீடாகப் படியேறி இறங்கினேன். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் ஆம் என்றார்கள். பின்னே, வாசலில் ஒரு அந்நியன் காகிதத்தோடு நின்று கேட்டால் யார் இல்லை என்று சொல்வார்கள்? எல்லோருக்கும் ஒரே விடை என்றால் ஒப்பிட எதுவும் இல்லை; என் அட்டவணையில் ஒரு கட்டம் நிறைந்திருக்க, எதிர்க் கட்டம் காலி.

வழிகாட்டிய ஆசிரியரிடம் காட்டியபோது அவர் புள்ளியியலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பிணைப்பு என்றால் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிப்பது என்று துர்கெய்ம் எங்கே எழுதியிருக்கிறார்?’ என்று மட்டும் கேட்டார். போய்ப் படித்தேன். அங்கே சிரிப்பைப் பற்றி எதுவும் இல்லை. பிணைப்பு என்பது ஒருவருக்கு ஒருவர் கடன்பட்டிருப்பது, ஒருவரை ஒருவர் தாங்குவது, தேவைப்பட்டால் கட்டுப்படுத்துவது. அப்படியென்றால் கேள்வி வேறாக இருக்க வேண்டும். இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இப்படி மாற்றினேன்: ‘கடைசியாக நீங்கள் வெளியூர் போனபோது வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்?’ விடைகள் பிரியத் தொடங்கின. பக்கத்து வீட்டில் கொடுத்தவர்கள், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் போனவர்கள், யாரிடமும் கொடுக்காமல் கூடவே எடுத்துப் போனவர்கள். கேள்வியைச் சரிசெய்ய உதவியது கோட்பாட்டு நோட்டு. மென்பொருளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

இதைக் கச்சிதமாகச் செய்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர். 1973இல் வெளியான அவருடைய கட்டுரை, மனிதர்களுக்கு இடையிலான உறவில் வலுவானது, தளர்வானது என்று இரண்டைப் பிரித்து, புதிய செய்திகள் நமக்குத் தளர்வான உறவுகள் வழியாகத்தான் அதிகம் வரும் என்று வாதிட்டது. காரணம் எளிது: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்தே இருக்கும்; எப்போதோ பார்க்கும் ஒருவர் வேறு வட்டத்தில் புழங்குகிறார். சரி, உறவின் வலுவை எதை வைத்து அளப்பது? பாஸ்டன் அருகே, அறிமுகமானவர்கள் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், செய்தி சொன்ன அந்த ஆளை அந்த நாட்களில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தவர் மூலம் என்றவர்கள் 16.7 சதவீதம். எப்போதாவது என்றவர்கள் 55.6 சதவீதம். ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8 சதவீதம். இதில் கேட்கப்பட்டவர்கள் 54 பேர்தான். இத்தனை சிறிய மாதிரி இவ்வளவு தூரம் பேசப்பட்டதற்குக் காரணம், அந்த எளிய கேள்விக்குப் பின்னால் தெளிவான ஒரு வாதம் நின்றதுதான். ‘அடிக்கடி பார்ப்பது’தான் நெருக்கமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான சந்தேகம். தினமும் பார்க்கும் அலுவலகக் காவலாளியைவிட, ஆண்டுக்கொரு முறை பார்க்கும் அண்ணன் நெருக்கம் இல்லையா? இப்படிச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டால் நீங்கள் இரண்டு நோட்டிலும் ஒரே நேரத்தில் எழுதுகிறீர்கள் என்று பொருள்.

போகிற போக்கில் ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். 1930ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டு 1950இல் வில்லியம் ராபின்சன் காட்டியது இது. மாநில அளவில் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள மாநிலங்களில் எழுத்தறிவும் அதிகம். தனிமனித அளவில் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு சற்றுக் குறைவு. இரண்டும் உண்மை. குடியேறியவர்கள், எழுத்தறிவு ஏற்கெனவே உயர்ந்திருந்த மாநிலங்களில் போய்க் குடியமர்ந்தார்கள், அவ்வளவுதான். குழுவைப் பற்றிய கோட்பாட்டைத் தனிமனிதர் மேல் ஏற்றினால் இப்படிக் கவிழ்ந்துவிடும். துர்கெய்மின் மேலும் இந்தக் குற்றச்சாட்டு உண்டு.

தரவு எதிர்த்துப் பேசும்போது

இதுவரை சொன்னதைக் கேட்டால் கோட்பாடு எசமானன், தரவு ஏவலாள் என்று தோன்றலாம். மெர்ட்டனே 1948இல் அதற்கு மறுப்பு எழுதினார். தொழிலாளர் குடும்பங்கள் புதிதாகக் குடியேறிய ஒரு புறநகர்க் குடியிருப்பை அவர் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோர்கூட அங்கே மாலையில் கூட்டங்களுக்கும் சங்கங்களுக்கும் தாராளமாகப் போய்வந்தார்கள். எப்படி முடிகிறது என்று கேட்டால், ‘இங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பதின்ம வயதுப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், முன்பு இருந்த இடத்தில் அப்படி இல்லை’ என்றார்கள். நல்ல விளக்கம். ஆனால் எண்ணிப் பார்த்தால் உண்மை நேர்மாறு: அங்கே சின்னக் குழந்தைகளே அதிகம், குழந்தைகளின் கணக்கோடு ஒப்பிட்டால் பதின்ம வயதினர் பழைய ஊர்களைவிட மிகக் குறைவு.

பொய் சொன்னார்களா? இல்லை. இந்த இடத்தில் தடுக்கி நின்றதால்தான் மெர்ட்டனுக்கு வேறொன்று தெரிந்தது. பழைய இடத்தில் பதின்ம வயதினர் தெருவெல்லாம் இருந்திருப்பார்கள். ஆனால் நம்பிக் குழந்தையை ஒப்படைக்கும் அளவுக்கு அவர்களை யாருக்கும் தெரியாது. தெரியாதவர்கள் கணக்கிலேயே வரவில்லை. புதிய இடத்தில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்ததால், இருந்த சிலர் நிறையப் பேராகத் தெரிந்தார்கள். ‘நிறைய இருக்கிறார்கள்’ என்று பெற்றோர் சொன்னது நம்பிக்கையின் அளவு. யாரும் தேடிப் போகாமல் கைக்கு வந்த இந்த முரண், கண்ணால் காண்பதையே சமூக உறவு எப்படி மாற்றுகிறது என்ற புதிய கேள்வியைக் கோட்பாட்டுக்குக் கொடுத்தது.

இன்னொரு ஆய்வு இதைவிட எனக்குப் பிடித்தது. 1930களின் தொடக்கத்தில், அமெரிக்கா போவதற்கு முன்னால், லாசர்ஸ்ஃபெல்டு ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராய நினைத்தார். இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது ஓய்வைப் பற்றி என்ன ஆய்வு என்று ஆஸ்திரிய சோசலிசத் தலைவர் ஓட்டோ பாவர் கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். அப்படித்தான் மரீ யஹோடா, ஹான்ஸ் சைசல் ஆகியோருடன் சேர்ந்து, வியன்னாவுக்கு அருகே மரியென்டால் என்ற சிற்றூருக்குப் போனார்கள். அந்த ஊருக்கு இருந்தது ஒரே ஒரு நெசவாலை. அதை மூடிவிட்டார்கள். ஊரில் இருந்த 478 குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் ஒருவருக்குக்கூட நிலையான வேலை இல்லை.

வேலை பறிபோனால் தொழிலாளர்கள் கொதித்தெழுவார்கள் என்பது அன்று பரவலாக இருந்த எதிர்பார்ப்பு. நேரம் நிறையக் கிடைப்பதால் படிப்பார்கள், சங்க வேலை செய்வார்கள் என்றும் நினைக்கலாம். குழு என்ன செய்தது தெரியுமா? நூலகப் பதிவேட்டைப் புரட்டியது. புத்தகத்துக்குக் கட்டணமே இல்லை என்று ஆன பிறகும், இரண்டே ஆண்டில் இரவல் எடுப்பது பாதியாகக் குறைந்திருந்தது. நிறுத்துக் கடிகாரத்தோடு மறைவாக நின்று, தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை குறையவே இல்லை என்பதால் அவர்கள் நடை வேகமாக இருந்தது. நேரம் குவிந்து கிடந்தது, அதைப் பிடித்து நிறுத்தும் சட்டகம்தான் இல்லை. 1933இல் வெளியான அந்த ஆய்வில் பெரிய கோட்பாடு எதுவும் கிடையாது. ஆனால் யஹோடா அதை விடவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 1982இல், சம்பளத்தைத் தவிர வேலை நமக்குத் தருபவை என்னென்ன என்று ஐந்தைத் தெளிவாகச் சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பு, பலர் சேர்ந்து செய்யும் ஒன்றில் பங்கு, ஓர் அந்தஸ்து, கட்டாயமாக ஏதாவது செய்துகொண்டிருத்தல். வெளிப்படையான பயன், மறைவான பயன் என்று அவர் பிரித்தது மெர்ட்டனிடமிருந்து வந்த பிரிவு. களத்தில் கிடைத்தது கோட்பாடாக முற்ற அரை நூற்றாண்டு பிடித்தது. உங்களுக்குக் கிடைப்பதோ ஆறு மாதப் பருவம். அந்த அவசரத்தில் எல்லாம் பொருந்திவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம்தான்.

எதிர்முனையிலிருந்தே தொடங்கியவர்களும் உண்டு. மெர்ட்டனும் லாசர்ஸ்ஃபெல்டும் இருந்த கொலம்பியாவில் படித்த பார்னி கிளேசரும், நேரில் களத்துக்குப் போய்ப் பார்க்கும் சிகாகோ மரபில் வந்த ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1960களில் மருத்துவமனைகளில் இறக்கும் தறுவாயில் இருந்த நோயாளிகளைச் சுற்றி நடப்பதைக் கவனித்தார்கள். முன்கூட்டியே கருதுகோள் எதையும் கொண்டுபோகாமல், களத்தில் கேட்டதிலிருந்தே கருத்துகளை எடுத்தார்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதை வைத்து நான்கு நிலைகளைச் சொன்னார்கள்: நோயாளிக்குத் தெரியாமல் மற்றவர்கள் மறைப்பது, நோயாளி சந்தேகப்படுவது, இருவருக்கும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிப்பது, வெளிப்படையாகப் பேசிக்கொள்வது. மூன்றாவது நிலையை ஒருமுறை படித்தவர், அப்புறம் எந்த மருத்துவமனைப் படுக்கையருகே உட்கார்ந்தாலும் அதை நினைக்காமல் இருக்க முடியாது. 1967இல் இந்த முறைக்கே ஒரு நூல் எழுதினார்கள். ‘கோட்பாட்டைப் படிக்காமலே களத்துக்குப் போகலாம்’ என்று மாணவர்கள் இதைப் புரிந்துகொள்வது உண்டு. அந்த இருவரும் நிறையப் படித்துவிட்டுத்தான் போனார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

படிக்கும்போது

கோட்பாட்டு நூலின் நடை பயமுறுத்தினால் உங்கள் மேல் மட்டும் தவறில்லை. கொலம்பியாவிலேயே இருந்த சி. ரைட் மில்ஸ், 1959இல், கோட்பாட்டாளர் டால்கட் பார்சன்ஸின் நீளநீளமான பத்திகளை எடுத்து, இவை சொல்வது இவ்வளவுதான் என்று சில வரிகளில் எழுதிக் காட்டினார். அதே சூட்டில், எண்களைக் குவித்துவிட்டு எதற்கென்று சொல்லாத ஆய்வுகளையும் விளாசினார்; அந்த அடி லாசர்ஸ்ஃபெல்டின் மேலும் விழுந்தது. மில்ஸ் செய்ததை நாமும் செய்யலாம். ஒரு பத்தியைப் படித்ததும், ‘இது உண்மையானால் தெருவில் நான் எதைப் பார்ப்பேன், பொய்யானால் எதைப் பார்ப்பேன்’ என்று நோட்டில் இரண்டு வரி எழுதிப் பார்ப்பது. எழுத வரவில்லை என்றால், ஒன்று அது பார்வை வகையைச் சேர்ந்தது, அல்லது இன்னும் புரியவில்லை, அல்லது அதில் ஒன்றுமே இல்லை. மூன்றும் நடக்கும்.

ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது இதைத் திருப்பிப் போட வேண்டும். முடிவு அட்டவணைக்குத் தாவாமல், வினாப்பட்டியலை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லை எந்தக் கேள்வியாக மாற்றினார்கள்? எனக்குத் தெரிந்தவரை, ஒரு கோட்பாட்டையும் அதை வைத்துச் செய்த ஓர் ஆய்வையும் ஒரே வாரத்தில் ஜோடியாகப் படிப்பதுபோல் உதவுவது வேறில்லை. இரண்டு ஜோடி முடித்தால் போதும், மூன்றாவதிலிருந்து தானாக வரும்.

ஆய்வேடு எழுதும் கட்டத்தில் இருப்பவர்களுக்கு என் தேர்வாளர் ஒருவர் கேட்ட கேள்வியைத் தருகிறேன். இரண்டாம் அத்தியாயத்தில் கோட்பாட்டை முப்பது பக்கம் எழுதியிருந்தேன். அவர் அதை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ‘இதைக் கிழித்துப் போட்டுவிட்டால் நான்காம் அத்தியாயத்தில் ஒரு வரியாவது மாறுமா?’ என்றார். மாறாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளேசரும் ஸ்ட்ராஸும் சொன்ன மூன்றாவது நிலையில் இருவரும் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம்.

திருத்தி எழுத உட்கார்ந்தபோது பழைய சாவிக் கேள்வித் தாள்களை மறுபடி எடுத்தேன். எல்லா விடைகளும் மூன்று கட்டங்களில் அடங்கியிருந்தன, ஒன்றைத் தவிர. மேல்மாடியில் தனியாக இருந்த ஒரு முதியவர். உறவு எப்படி என்ற பழைய கேள்விக்கு, எல்லோரும் தங்கமானவர்கள் என்று சொன்னவர். சாவியை யாரிடம் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, ‘நான் இங்கே வந்ததிலிருந்து வெளியூர் போகவே இல்லையே தம்பி’ என்றார். எந்தக் கட்டத்திலும் சேராததால் தாளின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்திருந்தேன். போக ஓர் இடமும், வீட்டைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆளும் இருப்பவர்களை மட்டும் மனதில் வைத்துத்தான் அந்தக் கேள்வியை நான் அமைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாம் அத்தியாயத்தை அந்தப் பென்சில் கிறுக்கலிலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினேன். இந்த முறை பதினோரு பக்கம்தான் வந்தது.